கடைசித் தலை நிமிரும்வரை

ஸ்லேட் ஹாலோ குதிரை முகாம், மிசௌரி
செப்டம்பர் 4, 1996

(முகாம் வாயிற்பலகையில் ஒரு படி. பர்ல் மேடக்ஸுக்கு அஞ்சலில் ஒரு படி.)

குதிரையோர் கழகத்துத் தோழர்களே! சேணம் இறக்கி, தீவனம் அவிழ்த்து, தீ மூட்டி அமர்ந்திருப்போரே! பெக்கம் ஓடையின் நீரைத் தம் குதிரைகளோடு பங்கிட்டுக் குடித்த அனைவரே! கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே ஒரு கொடுமை நடந்தது. அதைக் கண்டீர்கள். கண்டதோடு நில்லாமல் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இந்த முகாமின் காவலர் என்ற முறையில் எத்தனையோ விதிகளுக்காக உங்களை நான் ஏசியதுண்டு. சாணத்தை வாரிப் பரப்புங்கள் என்றேன். குதிரையை மரத்தில் கட்டிப் பட்டையை அறுக்காதீர்கள், இரு மரங்களுக்கு நடுவே உயரக் கயிறு இழுத்து அதில் கட்டுங்கள் என்றேன். அவற்றை மீறியோரை மன்னித்தும் இருக்கிறேன். மன்னிக்கவே கூடாத விதி ஒன்றே ஒன்றுதான் நமக்கு உண்டு. இந்தப் பலகையின் தலைப்பில் அது தீட்டப்பட்டிருக்கிறது. "கடைசித் தலை நிமிரும்வரை எவரும் நகரோம்." ஓடையில் இறங்கிய குதிரைகளுள் கடைசிக் குதிரை குடித்து முடித்துத் தலை தூக்கும்வரை முதற்குதிரை அடி பெயர்க்காது. ஏன்? தன் கூட்டம் தன்னை விட்டுப் போகிறது என்று கண்ட குதிரைக்கு முதுகில் இருப்பவர் யார் என்பதும் மறந்துபோகும். இதை அறியாத ஒருவர் உங்களில் உண்டா? ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு இந்த விதியை உரக்கச் சொல்பவர் யார்? நம் கழகத் தலைவர் பர்ல் மேடக்ஸ். என் உடன்பிறந்த தம்பி.

ஞாயிறன்று அந்தத் தலைவர் என்ன செய்தார்? சென்ற ஆண்டுதான் சேணம் ஏறக் கற்றுக்கொண்ட அவர் மனைவி நெல்டா ஓடையின் நடுவே இருந்தாள். பிறந்த நாள்முதல் நான் வளர்த்து, அவர்கள் திருமணத்துக்குப் பரிசாகக் கொடுத்த பெண்குதிரை டான்சி, அவளைச் சுமந்தபடி கழுத்தைத் தாழ்த்தி நீர் அருந்திக்கொண்டிருந்தாள். தலைவர் தம் குதிரையைக் குதிகாலால் தட்டினார். மேட்டில் ஏறி மறைந்தார். நீங்களும் அவர் வாலைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். தனித்துவிடப்பட்ட டான்சி மிரண்டு பாய்ந்தாள். நெல்டா பாறையில் விழுந்தாள். இடுப்பு முறிந்தது. தாடை முறிந்தது.

அன்று மாலை, அவளை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, தீயைச் சுற்றி நீங்கள் பேசியதை என் குடிலில் நின்று கேட்டேன். மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன்.

"ஏம்ப்பா பர்ல், வீட்டம்மாவத் தண்ணியிலயே விட்டுட்டு வந்துட்டியே?"

"அந்தக் குதிர ஓடைய வத்தவச்சுட்டுத்தான் தலயத் தூக்கும்போல. அதுக்காக நின்னா பீன்ஸ் ஆறிப்போயிடும். பின்னாடி தானா வரட்டும், அப்பத்தான் கத்துக்குவான்னு விட்டேன்."

"நல்லாத்தான் கத்துக்கிட்டாங்க!"

இப்படிச் சொன்னது ஆரின் கேட்ஸ். குலுங்கிச் சிரித்தது நீங்கள் எல்லோரும்.

குற்றம் செய்தவர் தீர்ப்பும் எழுதிவிட்டார். டான்சி வெறிபிடித்தவளாம். முகாமுக்குள் இனி வரக்கூடாதாம். அக்டோபர் முதற்சனிக்கிழமைச் சந்தையில் ஏலத்துக்கு விடப்போகிறாராம். அந்தச் சந்தையில் பெயர்கெட்ட குதிரையை யார் கேட்பார்? இறைச்சிக்கு எடை போட்டு வாங்குகிறவர்தாம் கேட்பார். மனைவியை முறித்த குற்றத்தை மறைக்க, வாயில்லா உயிரைக் கத்திக்கு அனுப்புவதா? தலைவரே, தீர்ப்பைத் திரும்பப் பெறுக. டான்சியை என்னிடம் ஒப்படைக்க. அதுவரை இந்தத் தாள் இந்தப் பலகையை விட்டு இறங்காது.

லவேடா மேடக்ஸ்


கார்வர்
செப்டம்பர் 9, 1996

மேன்மைதங்கிய அக்காவுக்கு,

உன் தாள் இறங்கிவிட்டது. சனிக்கிழமை விறகு ஈரமாக இருந்தது. தீ பிடிக்க நல்ல காய்ந்த தாளாக வேறொன்றும் கிடைக்கவில்லை. வருந்தாதே, எரிப்பதற்கு முன் ஆரின் அதை வெட்டுமரத்தின்மேல் ஏறி நின்று, உன்னைப் போலவே ஒரு கையை உயர்த்தி, முழுவதும் படித்துக் காட்டினான். "தோழர்களே!" என்ற இடத்தில் நாய்கள்கூடத் திரும்பிப் பார்த்தன. நீ எழுதியவற்றுள் அந்த அளவுக்குக் கைதட்டல் வாங்கியது வேறு எதுவும் இல்லை.

உன் சினத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியும், கழகத்துக்கும் தெரியும். இளவேனிலில் நடந்த தேர்தலில் உன்னை யாரும் தலைவராக்கவில்லை. அன்றுமுதல் நீ என்னோடு பேசவில்லை. முகாமில் தொலைபேசி இல்லாதது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று முன்பு தெரியாமல் போயிற்று. இப்போது தீவன வண்டிக்காரன் கொண்டுவந்து தரும் உறையைப் பார்த்தாலே காது வலிக்கிறது.

நடந்தது இதுதான். குதிரைக்கு மூளை கலங்கிவிட்டது. ஓட்டத் தெரியாதவள் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினாள். விழுந்தாள். நான் காத்திருந்தேனா, போனேனா என்பதை அங்கே இல்லாத நீ சொல்வதா? தீயைச் சுற்றி ஆண்கள் பேசுகிற பகடியைச் சான்றாகக் கொள்வதானால், ஆரின் பிடித்த மீன்கள் எல்லாம் கன்றுக்குட்டி அளவு இருந்திருக்க வேண்டும்.

நெல்டாவைப் பற்றிக் கவலைப்படாதே. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் திருமணத்துக்குப் பிறகு வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. மருத்துவரிடம், கம்பியை அவிழ்க்க அவசரம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவரும் சிரித்தார்.

ஒன்றை நினைவில் வை. பரிசு கொடுத்தவள் நீ, ஆனால் பதிவு என் பெயரில். அந்தக் குதிரை என்னுடையது. விற்பேன், வைப்பேன், கொளுத்துவேன். உன்னிடம் மட்டும் கொடுக்கமாட்டேன்.

பர்ல்


ஸ்லேட் ஹாலோ
செப்டம்பர் 15, 1996

பர்ல்,

இந்த மடலைப் பலகையில் ஒட்டப்போவதில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன். ஆகவே நீ இதை ஆரினிடம் கொடுத்து ஆடவிடுமுன் ஒருமுறையேனும் தனியாக இருந்து படி.

நேற்று நெல்டாவைப் பார்த்தேன். நீ அவளிடம் ஐந்து நாளாகப் போகவில்லை என்று செவிலி சொன்னாள். என் குரல் அந்தத் தாழ்வாரத்தில் சற்று உயர்ந்திருக்க வேண்டும். "யாரும்மா அது கத்துறது? இது ஆஸ்பத்திரி, சந்தைக்கடை இல்ல," என்று என்னைக் கதவுக்கு வெளியே தள்ளப் பார்த்தாள். உன் மனைவிதான் கையசைத்து என்னை உள்ளே அழைத்தாள்.

பல்லைக் கடித்தபடி பேசுகிறாள். ஒவ்வொரு சொல்லும் கம்பிக்கு நடுவே பிதுங்கி வருகிறது.

"அண்ணி, அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

"உன்ன சாகப் போட்டுட்டுப் போனவன நான் என்னன்னு சொல்லட்டும்?"

"நான் திரும்பிப் போக வேண்டியது அந்த வீட்டுக்குத்தானே அண்ணி? நீங்க பேசிட்டுப் போயிடுவீங்க. நான்ல அங்க இருக்கணும்."

நான் மேடையேறாத ஊர் இந்த மாவட்டத்தில் இல்லை. வனத்துறையாரிடம் வாதாடி இந்த முகாமையே வாங்கித் தந்த வாய் இது. அந்தக் கட்டிலின் அருகே எனக்கு மறுமொழி எழவில்லை.

பிறகு அவளே பேசினாள்.

"டான்சி என்ன மிதிக்கல அண்ணி. நான் கீழ கெடந்தேன். ஒரு குளம்புகூட மேல படாமத் தாண்டுச்சு. மேடு வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் திரும்பி வந்து என் பக்கத்துல நின்னுச்சு. மூச்சு முகத்துல பட்டுச்சு. அதுதான் திரும்பி வந்துச்சு. அது மட்டுந்தான் வந்துச்சு."

இதைச் சொல்லி முடித்தபின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத மட்டும் காப்பாத்திக் குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்," என்றாள்.

நீ வெறிபிடித்தது என்று தீர்ப்பெழுதிய குதிரை, கூட்டத்தைத் துறந்து, அச்சத்தை அடக்கி, விழுந்தவளிடம் திரும்பி வந்திருக்கிறது. தலைவராகிய நீ திரும்பவில்லை. உங்கள் இருவரில் யாரைச் சந்தைக்கு அனுப்பவேண்டும்?

நெல்டாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இம்மாதம் இருபத்தெட்டில் இலையுதிர்காலப் பயணத்துக்குக் கழகம் முழுவதும் இங்கே கூடும். அன்று மாலைத் தீயின் முன்னே எழுந்து நிற்பேன். நடந்ததை நடந்தபடி சொல்வேன். நீ முந்திக்கொண்டு டான்சியை ஒப்படைத்தால் வாயைத் திறக்கமாட்டேன். தேர்ந்தெடு.

லவேடா


கார்வர்
செப்டம்பர் 20, 1996

அக்கா,

தனியாக இருந்துதான் படித்தேன். இருமுறை படித்தேன். உன் எழுத்தில் முதன்முறையாக ஒரு தளர்ச்சி தெரிந்தது. "எனக்கு மறுமொழி எழவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மூன்றாம் முறையும் படித்தேன்.

குதிரை வேண்டும் உனக்கு. சரி, தருகிறேன். விலை சொல்கிறேன், கேள். காசு வேண்டாம்.

சின்ன வயதுமுதல் உன் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தேன். பள்ளியில் உன் பேச்சு. உணவு மேசையில் உன் பேச்சு. அப்பாவின் அடக்கத்தின்போதும் பாதிரியாரை உட்காரவைத்துவிட்டு நீதான் பேசினாய். இத்தனை ஆண்டில் ஒரு சொல்லையேனும் திரும்ப வாங்கியிருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்படுகிறேன்.

இருபத்தெட்டாம் நாள் மாலை, பீன்ஸ் பானை அடுப்பில் இருக்கும்போது, எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, நீ எழுந்து நில். கையை உயர்த்தாதே. கைகளை முன்னால் கட்டிக்கொள். இதைச் சொல்: "நான் பொய் சொன்னேன். பர்ல் ஓடையில் காத்திருந்தான். குதிரைதான் வெறிகொண்டது. தேர்தலில் தோற்ற ஆத்திரத்தில் தம்பிமேல் பழி போட்டேன்." ஒரு சொல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். "ஆயினும்" என்று தொடங்கி ஒரு வாக்கியத்தை ஒட்டவைக்கிற உன் வழக்கமும் வேண்டாம்.

மறுநாள் காலை, குதிரை கட்டும் கயிற்றண்டை வா. உன் பெயருக்கு எழுதிக் கையில் தருகிறேன்.

நெல்டாவையும் அன்று அழைத்து வருகிறேன். சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிடலாம் என்கிறார்கள். அவளும் கேட்கட்டும்.

உண்மையைப் பேசினால் குதிரை செத்துப்போகும். பொய்யைப் பேசினால் பிழைத்துக்கொள்ளும். உன்னைப் போன்ற நாவன்மை உடையவர்களுக்கு இதெல்லாம் எளிதுதானே?

பர்ல்


ஸ்லேட் ஹாலோ
செப்டம்பர் 24, 1996

பர்ல்,

இந்த மடலை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். கிழித்தவற்றில் நல்ல வரிகள் இருந்தன. உனக்கு அவை தகா.

சொல்கிறேன். நீ எழுதிக் கொடுத்தபடியே, கைகட்டி நின்று சொல்கிறேன். என் நாவை விலையாகக் கேட்டாய். எடுத்துக்கொள்.

அதுவரை டான்சியைப் பார்த்துக்கொள். அவள் மெல்லத்தான் நீர் அருந்துவாள். இடையில் நிமிர்ந்து சுற்றிலும் பார்ப்பாள், மீண்டும் குனிவாள். குடித்தது போதும் என்று எண்ணி வாளியைப் பறித்துவிடாதே. இடப்பக்க முன்குளம்பில் ஒரு கீறல் இருந்தது. பார்த்தாயா?

வேறொன்றும் இல்லை.

லவேடா


ஸ்லேட் ஹாலோ
செப்டம்பர் 29, 1996

பர்ல் மேடக்ஸுக்கு,

"தம்பி" என்ற சொல்லை இனி எழுதமாட்டேன்.

நீ கேட்டதை நேற்று மாலை கொடுத்தேன். தட்டுகளின் ஓசை அடங்கியது. சோளரொட்டியை வாயருகே தூக்கிய ஆரின் அப்படியே நிறுத்திக்கொண்டான். "நான் பொய் சொன்னேன்" என்றேன். அந்த மூன்று சொல்லையும் என் குரலில் கேட்டபோது, வேறொருத்தி பேசுகிறாள் என்றே தோன்றியது. யாரோ, "அடடே, லவேடா மேடக்ஸ் இறங்கி வந்தாச்சுடா!" என்று கூவினார்கள். "பத்திரிகைல போடச் சொல்லுங்கப்பா!" என்றது இன்னொரு குரல். நீ சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இசை கேட்பவனைப் போல் இருந்தாய். உன் அருகே நாற்காலியில் நெல்டா இருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் தாங்கினேன். காலையில் டான்சியின் கயிற்றை அவள் மடியில் வைக்கும்போது எல்லாம் விளங்கிவிடும் என்று எண்ணித் தாங்கினேன்.

காலையில் கழுத்துப்பட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். உன் கயிற்றில் நீ ஏறும் குதிரை மட்டும் நின்றது. நீ காப்பிக் குவளையோடு இருந்தாய்.

"என்னக்கா, விடியுமுன்னாடியே பட்டையும் கையுமா?"

"டான்சி எங்கடா?"

"சொல்ல மறந்துட்டேனே. வியாழக்கிழமையே போயிடுச்சு. புரூயிட் வந்து ஏத்திக்கிட்டான்."

"எந்த புரூயிட்?"

"எத்தன புரூயிட் இருக்கான்? கறிக்கு வாங்குறவன்தான். உன் கடுதாசி புதன்கிழம கெடச்சுது. மறுநாளே வரச் சொல்லிட்டேன். குளம்புல கீறல் இருக்கு, பாத்து ஏத்துன்னு சொல்லித்தான் அனுப்பினேன். நீ எழுதியிருந்தியே!"

அதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். பழக்கத்தால் வந்த சிரிப்பு. பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் நெல்டா நாற்காலியை உருட்டிக்கொண்டு தீயருகே வந்துவிட்டாள். உன்னைப் பார்த்து அவள் சொன்னதை, நீ மறுப்பாய் என்பதால், எழுதிவைக்கிறேன்.

"அது தண்ணி குடிச்சிட்டிருந்துச்சு. நீங்க போயிட்டீங்க."

"காலங்காத்தால ஆரம்பிக்காத, நெல்டா. காப்பி ஆறுது."

அவள் உன்னை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள். ஆரினை, அவன் மனைவியை, ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"நீங்களுந்தான் போனீங்க," என்றாள்.

அவ்வளவுதான். பல்லிடுக்கிலிருந்து வந்த அந்த ஒற்றை வரி செய்ததை என் வாழ்நாள் மேடைகள் செய்ததில்லை. ஆரின் தன் காப்பியைத் தீயில் ஊற்றிவிட்டு எழுந்துபோனான். நெல்டாவின் நாற்காலியை நான் என் குடிலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். நீ தடுக்கவில்லை. அவள் இங்கேதான் இருப்பாள்.

நண்பகலில் புரூயிட்டின் பட்டிக்குப் போனேன். டான்சியைக் கண்டேன். பின்தொடையில் சுண்ணக்கட்டியால் எண் எழுதியிருக்கிறார்கள். நீர்த்தொட்டி ஒன்றே ஒன்று. வலிய குதிரைகள் அதை மறித்து நிற்கின்றன. குனிந்து ஒரு மிடறு குடிக்குமுன் கடித்துத் துரத்துகின்றன. என் குரலைக் கேட்டு வேலியண்டை வந்தாள். வாளியைக் கொண்டுவரப் போனேன். "உள்ள எதயும் நீட்டக் கூடாதும்மா," என்று புரூயிட் தடுத்துவிட்டான்.

வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"எனக்கென்னம்மா, யார் காசும் காசுதான். ஆனா உங்க தம்பி கையடிச்சு சொல்லிட்டுப் போயிருக்கான். யாருக்கு வேணா குடு, எங்க அக்காவுக்கும் அவ அனுப்புற ஆளுக்கும் மட்டும் குடுக்காதன்னு. வருசா வருசம் அவன் மாடு எங்கிட்டத்தான் வருது. அவன பகைச்சுக்க முடியாது. அவனே வந்து கேட்டா, இந்த நிமிசம் அவுத்து விடறேன். புதன்கிழம லாரி வடக்க போகுது. அப்புறம் என்னக் கேக்காதீங்க."

என் நாவை வாங்கிக்கொண்டாய். விலையைக் கொடு. புதன்கிழமைக்கு முன் போய்க் கேள்.

லவேடா


கார்வர்
செப்டம்பர் 30, 1996

அக்கா,

இந்த மடலைத் தீவன வண்டிக்காரனிடம் கொடுத்து உடனே சேர்க்கச் சொன்னேன். நீ காத்திருப்பாய் என்று தெரியும்.

போகமாட்டேன்.

ஏன் விற்றேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். குதிரையை உன் கையில் கொடுத்திருந்தால், கிளம்பும்போதே நீ வண்டியின் பின்பலகையில் ஏறி நின்று "தோழர்களே!" என்று தொடங்கியிருப்பாய். நேற்றுச் சொன்னது பொய், முந்தாநாள் சொன்னதே மெய் என்று முழங்கியிருப்பாய். வென்றவளாகப் போயிருப்பாய். இப்போது நீ எதை முழங்கினாலும் எல்லோர் காதிலும் அந்த மூன்று சொல்தான் கேட்கும். அதற்கு ஒரு குதிரை விலை என்றால் மிக மலிவு. இரண்டு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ஓடையில் காத்திருந்தேனா? இல்லை. அவளும் அவள் குதிரையும் ஒவ்வொரு ஓடையிலும் எங்களை நிறுத்திவைத்தார்கள். ஒருமுறை விட்டுவிட்டுப் போனால் அடுத்தமுறை இருவரும் விரைவாகக் குடிப்பார்கள் என்று நினைத்தேன். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் யாரும் எதுவும் செய்யவில்லை. அதைத்தான் நீ இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை. கூட்டம் உண்மைக்குப் பின்னால் போகாது, அக்கா. முன்னால் போகிற குதிரைக்குப் பின்னால் போகும். முன்னால் போகிறவன் நான்.

நெல்டாவை வைத்துக்கொள். படுக்கையிலிருந்து குளியலறைக்குத் தூக்கிப் போக உனக்கு முதுகு ஒத்துழைக்கும்வரை வைத்துக்கொள். பிறகு அவளே திரும்பி வருவாள். கதவைப் பூட்டமாட்டேன்.

புதன் காலை நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றால் லாரி போவதைப் பார்க்கலாம். கையசை. அதற்காவது கையை உயர்த்திக்கொள்.

பர்ல்


உன் வீட்டு வாயிலில்
அக்டோபர் 1, 1996, செவ்வாய்க்கிழமை காலை

பர்ல் மேடக்ஸ்!

சாளரத் திரையை விலக்கு. விலக்கிவிட்டு, இதைப் படி.

இந்தத் தாளை உன் கையில் தந்தவன் ஆரின் கேட்ஸ். என் மடலை வெட்டுமரத்தில் ஏறி ஆடிக்காட்டிய அதே ஆரின். அவன் தொப்பி இன்று கையில் இருக்கிறது, பார். அவனுக்குப் பின்னால், உன் வேலியின் இந்த முனைமுதல் அந்த முனைவரை, சேணத்தின்மேல் அமர்ந்திருப்போர் யார் யார் என்று நீயே பார்த்துக்கொள். உன் பெயருக்குக் கைதூக்கித் தலைவராக்கியவர்கள். உன் பகடிக்குச் சிரித்தவர்கள். அந்த ஞாயிறன்று உன்னைத் தொடர்ந்து மேடேறியவர்கள்.

நான் அழைத்து வந்தேன் என்று எண்ணாதே. நேற்று மாலை, முகாமில் இன்னும் தங்கியிருந்த இவர்கள்முன் உன் மடலைப் படிக்கவும் இல்லை. அது என் பையில்தான் இருக்கிறது. நீ சொன்னது சரி. என் சொல்லுக்கு அங்கே இப்போது மதிப்பில்லை. பேச எழுந்தேன். இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உட்கார்ந்துவிட்டேன். ஆரின்தான் எழுந்தான்.

"எனக்குப் பேசத் தெரியாது. ஞாயித்துக்கெழம காலைல அந்தப் பொண்ணு என்னப் பாத்துச்சு. அப்பலேந்து சோறு எறங்கல. குதிரைய மீட்டுக் கொண்டாந்தா எறங்கும்னு நெனைக்கிறேன். நான் கெளம்புறேன். வர்றவங்க வாங்க."

அவன் மனைவி கேட்டாள்: "போயி என்ன பண்ணப் போறீங்க? அந்தாளு கதவத் தொறக்க மாட்டான்."

"ஒண்ணும் பண்ணப்போறதில்ல. நிக்கப்போறேன்."

இதைத் தவிர எந்த மேடைப்பேச்சும் அங்கே நிகழவில்லை. விடியலில் ஒவ்வொரு கயிற்றிலிருந்தும் குதிரைகள் அவிழ்க்கப்பட்டன.

இந்தக் கூட்டத்தை நான் போற்றப்போவதில்லை. ஒரு பெண்ணின் இடுப்பு முறிந்தபோது எழாதவர்கள் இவர்கள். ஒரு குதிரை கத்திக்குப் போகிறது என்றதும் எழுந்தார்கள். இந்த வெட்கத்தை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லும் நாள் வரும். நான் சொல்வேன். அது இன்றல்ல.

இன்று உனக்கு ஒன்றை விளக்கவேண்டும். இவர்கள் ஏன் கத்தவில்லை, கல் எறியவில்லை, வேலியைத் தள்ளவில்லை என்று நீ வியக்கலாம். இவர்கள் போராட வரவில்லை. விதியைக் கடைப்பிடிக்க வந்திருக்கிறார்கள். தொப்பியை நெஞ்சில் வைத்து நீ சொல்லிக்கொடுத்த அதே விதி. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம் இன்னும் முடியவில்லை, பர்ல். எங்கள் கூட்டத்தில் ஒரு குதிரை பின்னால் நிற்கிறது. புரூயிட்டின் தொட்டியண்டை குனிகிறது, துரத்தப்படுகிறது, மீண்டும் குனிகிறது. அவள் இன்னும் குடித்து முடிக்கவில்லை. கடைசித் தலை நிமிரவில்லை. ஆகவே நாங்கள் நகரமாட்டோம்.

உன் மாடுகளுக்கான தீவன வண்டி வரும். விலகமாட்டோம். அஞ்சற்காரர் வருவார். விலகமாட்டோம். ஷெரிப்பை அழைப்பாய். அழை. அவரும் குதிரை வைத்திருப்பவர். நாங்கள் நிற்பது மாவட்டச் சாலை. நிற்பதற்குக் காரணமும் சொல்வோம்.

உன் தலைமை நாற்காலியைக் கேட்டு நான் வரவில்லை. அதைச் சுமந்துகொண்டு போய் எந்த ஓடையில் வேண்டுமானாலும் போடு. என் மூன்று சொல்லையும் திருப்பித் தரவேண்டாம். அவற்றை நான் உனக்கு விற்றேன், உன்னுடையவை. நெல்டா என் வண்டியின் முன்னிருக்கையில் இருக்கிறாள். உன்னோடு பேச அவளுக்கு ஒன்றும் இல்லையாம். "நேரமாவுது அண்ணி, சுருக்க எழுதுங்க," என்கிறாள்.

சுருக்கமாகவே எழுதுகிறேன்.

உன் வாயிலிலிருந்து இரண்டு பக்கமும் சாலை போகிறது. ஊர்ப்பக்கம் முழுக்க அடைத்து நிற்கிறோம். புரூயிட்டின் பட்டிக்குப் போகும் பக்கத்தில் மட்டும் ஒரு வண்டி போகும் அளவுக்கு விலகியிருக்கிறோம். லாரி நாளைக் காலை புறப்படுகிறது. புரூயிட் உன் வாயிலிருந்து ஒரு சொல் கேட்டால் அவிழ்த்துவிடுவான். ஒரே ஒரு சொல். நான் கொடுத்ததைவிடக் குறைவு.

படித்து முடித்துவிட்டாயா? இந்தத் தாளை மடிக்காதே. மறுமொழி எழுதாதே. காலணியை மாட்டு. குதிரை ஏற்றும் டிரெய்லரை வண்டியில் பூட்டு. புரூயிட்டிடம் போ. டான்சியைக் கேள். ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள். அவள் முன்னே வை. அவள் நிமிரும்வரை நில்.

எழு. இப்போதே புறப்படு!

லவேடா மேடக்ஸ்